தடாகம் பூட்டு, வருடக் காசு கட்டியாயிற்று: அங்கத்துவ முறைப்பாட்டை எப்படிக் கொண்டுபோவது

கொழும்பில் பொது நீச்சல் தடாகத்துக்கோ ஜிம்முக்கோ பட்மின்டன் உள்ளரங்குக்கோ வருட அங்கத்துவம் எடுத்தவர்களிடம் பேசிப் பாருங்கள், கதை பெரும்பாலும் ஒன்றுதான். காசு கட்டிய கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். அப்புறம் ஒருநாள் கேட்டில் 'திருத்த வேலை' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும், அல்லது பாடசாலை நீச்சல் போட்டி என்று பின்னேரம் முழுக்கப் போய்விடும், அல்லது பெண்களுக்கென்று இருந்த காலை நேரத்தை யாருக்கும் சொல்லாமல் எடுத்துவிட்டிருப்பார்கள். கவுண்டரில் கேட்டால் 'சேரிடம் கேட்க வேண்டும்'. சேரிடம் போனால் 'ஹெட் ஒபிஸிலிருந்து வர வேண்டும்'. பலர் இந்த இடத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

விடத் தேவையில்லை. ஆனால் கவுண்டரில் சத்தம் போட்டும் பிரயோசனம் இல்லை. அங்கே இருக்கிற பிள்ளை விரும்பினால்கூட உங்கள் காசைத் திருப்பித் தர முடியாது. யாரால் எதைத் தர முடியும் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் அவரிடம், எழுத்தில் கேட்பதுதான் இந்த விஷயத்தின் முக்கால்வாசி.

காசு ஏன் திரும்பி வர மாட்டேன் என்கிறது

அரச நிறுவனமோ உள்ளூராட்சி மன்றமோ நடத்தும் இடத்தில் நீங்கள் கட்டிய காசு கவுண்டர் லாச்சியில் கிடப்பதில்லை. பற்றுச்சீட்டு வெட்டியதும் அது வருமானமாகப் பதிந்து வங்கிக்குப் போய்விடும். அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும், அதிகாரம் உள்ள ஒருவர் அனுமதிக்க வேண்டும், கணக்குப் பகுதி வவுச்சர் போட வேண்டும், பிறகுதான் காசோலை. நாளைக்குக் கணக்காய்வுக்கு ஆட்கள் வந்து 'இதை ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள்' என்று கேட்டால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் காட்ட ஒரு தாள் தேவை. அந்தத் தாள் உங்கள் கடிதம்தான். கடிதம் இல்லாமல் வாயால் கேட்கும்போது அவர்கள் இழுத்தடிப்பது கெட்ட மனசால் மட்டும் என்று நினைக்காதீர்கள், பிடித்துக்கொள்ள அவர்களிடம் ஒன்றுமில்லை.

கால நீடிப்பு இதைவிட எவ்வளவோ இலகு. இரண்டு மாதம் பூட்டியிருந்தால் அங்கத்துவத்தை இரண்டு மாதம் தள்ளிப் போடுவது. காசு எங்கும் நகர வேண்டாம், பெரும்பாலும் பொறுப்பதிகாரியின் கையெழுத்தோடு முடியும். என்னைக் கேட்டால், அந்த இடத்துக்குத் தொடர்ந்து போகிற எண்ணம் உள்ளவர் நீடிப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெளிநாடு போகிறவர், வீடு மாறுகிறவர், டொக்டர் நீந்த வேண்டாம் என்று சொன்னவர், அல்லது அந்த வசதியே இனி இல்லை என்று ஆகிவிட்டவர், இவர்கள் காசைக் கேட்கலாம், பொறுமையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கவும் வழி இருக்கிறது, கீழே கடிதத்தில் பாருங்கள்.

முதலில், இது யாருடைய இடம்?

பார்வைக்கு எல்லாம் 'கவர்மென்ட் பூல்'தான். ஆனால் சுகததாச விளையாட்டுத் தொகுதியை எடுத்தால் அதற்கு விளையாட்டு அமைச்சின் கீழ் தனி அதிகார சபை இருக்கிறது. வேறு சில இடங்கள் மாநகர சபையுடையவை, சில பூங்காக்களும் நடைபாதைகளும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில், இன்னும் சில பாடசாலையுடையவை அல்லது முப்படையினர் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவை. இதைவிடச் சிக்கலான வகை ஒன்று உண்டு, கட்டடம் சபையுடையது, நடத்துவது குத்தகைக்கு எடுத்த தனியார்.

எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைக்காரர் கால்வாயைத் தாண்டி ஜிம்முக்குப் போனால் அது கொழும்பு மாநகர சபை கிடையாது, தெஹிவளை - கல்கிசை மாநகர சபை. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்குத் தனி மாநகர சபை, கொலன்னாவைக்கு நகர சபை. கொழும்பு மாநகர சபை இருக்கிற கறுவாத்தோட்டத்து டவுன் ஹோலில் வரிசையில் நின்று கடிதம் கொடுத்துவிட்டு, 'இது எங்கள் இடம் இல்லையே' என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

கண்டுபிடிக்க இலேசான வழி பற்றுச்சீட்டின் தலைப்பு. அங்கே எந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் காசை வாங்கிய தரப்பு. வங்கியில் கட்டச் சொல்லியிருந்தால் வைப்புச் சீட்டில் கணக்கு யாருடைய பெயரில் என்று பாருங்கள். ஒரு தனியார் கம்பனியின் பெயர் இருந்தால் குத்தகைக்காரர் என்று அர்த்தம். அப்போது உங்களுக்கு இரண்டு வாசல் திறக்கும், கம்பனி ஒன்று, அதற்கு இடத்தைக் கொடுத்த சபை மற்றது. கடிதத்தைக் கம்பனிக்கு எழுதி, பிரதியைச் சபைக்குப் போடுங்கள். குத்தகையைப் புதுப்பிக்கிற கை சபையுடையது என்பதால் அந்தப் பிரதிக்கு நல்ல பெறுமதி இருக்கிறது.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்

பற்றுச்சீட்டு. இதுதான் தலை. சூட்டில் அச்சாகிற மெல்லிய தாளில் தந்திருந்தால் கொஞ்ச மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும், வாங்கிய அன்றே போட்டோகொப்பி எடுத்து, போனிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வைப்புச் சீட்டின் மூலப் பிரதியைக் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கொடுக்கும் முன்னமே கொப்பி எடுக்க வேண்டும். தொலைந்துவிட்டால் பயப்படாதீர்கள், கட்டிய திகதியும் அங்கத்துவ இலக்கமும் தெரிந்தால் அவர்களின் பதிவுப் புத்தகத்திலேயே அடிக்கட்டை இருக்கும்.

அப்புறம் அங்கத்துவ அட்டையின் இரு பக்கமும். சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும், அதையும் தேடி எடுத்து ஒருதரம் உண்மையாகவே வாசியுங்கள். 'எக்காரணம் கொண்டும் கட்டணம் மீளளிக்கப்படமாட்டாது' என்று அதில் இருக்கலாம். இருந்தாலும் பெரிதாக யோசிக்க வேண்டாம். நீங்கள் மனம் மாறி விலகுவதும், அவர்கள் தடாகத்தைப் பூட்டுவதும் இரண்டு வேறு விஷயங்கள். அந்த வரி முதலாவதை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று வாதாட இடம் இருக்கிறது, தவிர கால நீடிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டில் ஒட்டிய அறிவித்தலைப் படம் எடுங்கள். திகதி தெரிய வேண்டும். தாளில் திகதி போடாமல் ஒட்டுவது இங்கே வழமை, ஆகவே போன் படத்தின் திகதியே உங்கள் சாட்சி. திறந்த பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிடுவார்கள், அப்போது 'இரண்டு கிழமைதானே பூட்டினோம்' என்ற பேச்சு வரும். வட்ஸ்அப் குரூப்பில் பயிற்சியாளர் போட்ட 'நாளைக்கு கிளாஸ் இல்லை' செய்திகளையும் அழிக்காதீர்கள்.

முதல் பேச்சு

எழுத்துக்கு முன் நேரில் ஒருமுறை போவது நல்லது. திங்கள் காலையிலோ பின்னேரக் கூட்ட நேரத்திலோ போக வேண்டாம், நடுப்பகலுக்கு முன் ஆறுதலாக இருக்கும்போது போங்கள். 'மிஸ், இந்தக் காலத்துக்கு நீடிப்புத் தருவீர்களா, அதை யார் முடிவு செய்வார், அவருக்கு எப்படி எழுத வேண்டும்?' இவ்வளவு கேட்டால் போதும். மூன்றாவது கேள்விக்குத்தான் நல்ல பதில் வரும், ஏனென்றால் கடிதம் வந்தால் பொறுப்பு தன் தலையிலிருந்து இறங்கிவிடும் என்று அவருக்கும் தெரியும். பதவியின் பெயரைச் சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். ஆட்கள் மாற்றலாகிப் போவார்கள், பதவி அங்கேயே இருக்கும்.

கவுண்டர் பிள்ளையைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போடுகிற வேலை வேண்டாம். அது அநியாயம், உங்கள் கோப்பும் அன்றோடு அலுமாரிக்கு அடியில் போய்விடும்.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோபம், வரலாறு, 'வரி கட்டுகிற பிரஜை' என்ற பிரசங்கம் எதுவும் வேண்டாம். வாசிக்கிற அதிகாரிக்கு நாலு விஷயம் தேவை: நீங்கள் யார், எவ்வளவு எப்போது கட்டினீர்கள், எந்தக் காலத்தில் என்ன கிடைக்கவில்லை, என்ன கேட்கிறீர்கள். கணக்கையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். வருடத்துக்கு 24,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,000, இரண்டு மாதம் பூட்டினால் 4,000. தொகை எழுதாமல் 'தகுந்த நிவாரணம்' என்று கேட்டால் அதைக் கணக்குப் பார்க்க ஒரு ஆள், அவருக்கு லீவு, அப்படியே போகும்.

இப்படி எழுதலாம்:

'பொறுப்பதிகாரி அவர்களுக்கு,
அங்கத்துவ இலக்கம் ........: தடாகம் மூடப்பட்டிருந்த காலத்துக்கு நீடிப்புக் கோரல்

நான் உங்கள் நிலையத்தின் வருட அங்கத்தவர். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான காலத்துக்கு 24,000 ரூபா செலுத்தியுள்ளேன் (பற்றுச்சீட்டுப் பிரதி இணைப்பு 1). 2025 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை திருத்த வேலைக்காகத் தடாகம் மூடப்பட்டிருந்தது (அறிவித்தலின் படம் இணைப்பு 2). மாற்று ஏற்பாடு எதுவும் தரப்படவில்லை.

ஆகவே எனது அங்கத்துவத்தை 2026 மே 31 வரை நீடித்துத் தருமாறும், அது இயலாவிடின் இரண்டு மாதங்களுக்குரிய 4,000 ரூபாவைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முடிவை ........ ஆம் திகதிக்கு முன் எழுத்தில் அறியத்தரவும்.'

கீழே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. பதில் திகதிக்கு மூன்று கிழமை கொடுப்பது மரியாதையான கால அளவு.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி நீங்கள் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பாடவும் பதிலைப் பெறவும் உரித்துள்ளவர். சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், தமிழில் தரும்படி இரண்டு வரி எழுதி அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் ராஜகிரியவில் இருக்கும் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். இது உரிமைப் பேச்சு. நடைமுறைப் பேச்சு என்னவென்றால், உங்கள் இலக்கு இரண்டு மாத நீடிப்பு என்றால் தமிழ்க் கடிதத்தோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியையும் குத்திக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் மேசையில் கடிதம் காத்துக்கிடப்பது தவிரும். மொழிக்காகவே சண்டை பிடிக்க விரும்புகிறவர் தமிழில் மட்டும் கொடுக்கட்டும், அதுவும் ஒருவர் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் இரண்டு சண்டையையும் ஒரே கடிதத்தில் பிடித்தால் நீடிப்பு பிந்தும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். 'வைத்துவிட்டுப் போங்கள்' என்றால் சிரித்துக்கொண்டு நில்லுங்கள். முத்திரை தரவே மாட்டோம் என்றால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபால் துண்டைப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். பிறகு எந்த மேலிடத்துக்குப் போனாலும் முதல் கேள்வி 'எப்போது எழுத்தில் கேட்டீர்கள்' என்பதுதான்.

பதில் வராவிட்டால்

கொடுத்த திகதி தாண்டியதும் ஒரு நினைவூட்டல், அதே கடிதப் பிரதியை இணைத்து, இந்தமுறை ஒரு படி மேலே. மாநகர சபை இடம் என்றால் மாநகர ஆணையாளருக்கு, அதிகார சபை என்றால் அதன் தலைவருக்கோ பணிப்பாளருக்கோ. பல அரச அலுவலகங்களில் பொதுமக்கள் தினம் என்று ஒன்று உண்டு, அது எந்தக் கிழமை என்று கேட்டு அன்றைக்குப் போனால் அதிகாரி இருப்பதற்கு வாய்ப்பு கூட. எந்தப் பிரிவுக்கு எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் 1919க்கு அழைத்துக் கேட்கலாம், அது அரச தகவல் நிலையம்.

உங்கள் வட்டார உறுப்பினரையும் மறக்க வேண்டாம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரைக்கும் கேட்பதற்கு உறுப்பினரே இருக்கவில்லை, இப்போது இருக்கிறார்கள். முத்திரை குத்திய பிரதியோடு போனால் அவர் கூட்டத்தில் கேட்க ஒரு பிடி கிடைக்கும். வெறுங்கையோடு போனால் தேத்தண்ணீர் கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை உள்ள ஆயுதம் தகவலுக்கான உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் கேட்கலாம். அந்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆனால் 'ஏன் பூட்டினீர்கள்' என்று கேட்டால் விளக்கக் கட்டுரை எழுதுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: நான் சேர்ந்த திகதியில் நடைமுறையில் இருந்த அங்கத்துவ நிபந்தனைகளின் பிரதி, கட்டணம் மீளளிப்பது அல்லது நீடிப்பது பற்றிய சபைத் தீர்மானம் அல்லது சுற்றறிக்கையின் பிரதி, தடாகத்தை மூட அனுமதித்த கடிதத்தின் பிரதி, எனது இன்ன திகதிக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்புகள். கடைசிக் கேள்விதான் பழம். உங்கள் கடிதத்தின் மீது ஒன்றுமே செய்யவில்லை என்றால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டி வரும், அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே கோப்பு நகரத் தொடங்கும்.

மறுத்தாலோ வாயே திறக்காவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. குத்தகைக்காரர் நடத்தும் இடம் என்றாலும் தப்ப முடியாது, உள்ளூராட்சி மன்றத்தோடு ஒப்பந்தத்தில் பொதுச் சேவை செய்கிற தனியாரும் அந்தச் சேவை அளவுக்கு இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள்.

தனியார் நடத்துநர் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் போகலாம், அழைப்பு இலக்கம் 1977. அழைத்துப் பேசினாலும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள எல்லை. நினைவூட்டல், மறு நினைவூட்டல் என்று காத்திருந்து இந்த மூன்று மாதத்தைத் தவறவிடாதீர்கள். நடத்துநரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் பக்கத்தில் இதையும் கொடுத்து வைக்கலாம்.

அரச அலுவலகமே நியாயமில்லாமல் நடந்துகொண்டது என்றால் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்பது முழுப் பெயர். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாராளுமன்ற உறுப்பினர் வழியாகப் போகத் தேவையில்லை, நேரே எழுதலாம். இரண்டு மாத நீடிப்புக்காக இவ்வளவு தூரம் போவதா என்றால், தனி ஆளாகப் போக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தடாகத்தில் நாற்பது பேருக்கு அதே பிரச்சினை என்றால் போங்கள். நாற்பது பேரும் ஒரே தாளில் கையெழுத்து வைப்பதைவிட, ஒவ்வொருவரும் தன் பற்றுச்சீட்டோடு தனித்தனிக் கடிதம் கொடுப்பது நல்லது, ஒரு மனு ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும்.

சில தனி வகைகள்

நடு வருடத்தில் கட்டணம் கூட்டி மீதியைக் கேட்டால்: பற்றுச்சீட்டில் காலம் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் அந்தக் காலம் முடியும் வரை பழைய கட்டணம்தான் என்று எழுத்தில் சொல்லிவிட்டு, கூட்டிய தீர்மானத்தின் பிரதியைக் கேளுங்கள். 'வட் கூடிவிட்டது' என்பது ஒரு வழமையான பதில். வட் 18 வீதமானது 2024 ஜனவரியில், அதற்குப் பிறகு சேர்ந்த உங்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

பிள்ளைகளின் பயிற்சி வகுப்பு நின்றுபோனால் கவனமாக இருங்கள். பல இடங்களில் நிலையத்துக்கு ஒரு கட்டணம், பயிற்சியாளருக்குக் கையில் தனிக் கட்டணம். பின்னதற்குப் பற்றுச்சீட்டே இருக்காது, அதை நிலையத்திடம் கேட்க முடியாது. அடுத்தமுறை சேர்க்கும்போது இரண்டையும் நிலையத்தின் பற்றுச்சீட்டில் கட்ட முடியுமா என்று கேளுங்கள். யாராவது 'மேலே ஏதாவது' கேட்டால் அது முறைப்பாட்டு விஷயமே கிடையாது, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்க வேண்டிய விஷயம்.

பெண்களுக்கான நேரம் எடுபட்டாலும், நீச்சல் உடை பற்றி எழுதாத விதி ஒன்றைக் கவுண்டரில் வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினாலும், நீடிப்புக் கேட்டுப் பயனில்லை, நேரத்தைத்தான் கேட்க வேண்டும். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் அடுத்த நாளே பொறுப்பதிகாரிக்குக் கடிதம், ஒரு தரப்புக்கு மட்டும் பாரபட்சமாக நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கமும் இருக்கிறது.

நீடிப்புக் கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னால் சந்தோஷப்பட்டு வைத்துவிடாதீர்கள். நேரே போய் அட்டையில் புதிய திகதியை எழுதி ஒப்பம் வாங்கி, கணினியிலும் பதிவுப் புத்தகத்திலும் மாற்றியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த ஏப்ரலில் கேட்டில் நிற்கிற காவலாளிக்கு உங்கள் கடிதக் கதை தெரியாது, அவர் பார்ப்பது அட்டையை மட்டும்தான்.